பேர் போடும் நேரம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

   

ஆண்டு விழா மேடையில் கவிதையின் எதிர்காலம் பற்றிப் பேசுவது மரபு. நானோ கவிதை கூலிக்கு உழைத்த ஒரு பழைய பட்டறையைப் பற்றிப் பேச விழைகிறேன். 1940களிலும் 1950களிலும் தமிழ்ப் படங்களை உருவாக்கிய ஸ்டூடியோக்களே அப்பட்டறை. அங்கு உழைத்தோரின் பெயர்கள் பற்றியதே இவ்வுரை.

என் சிறு வயதில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு மூச்சிரைக்க ஓடி வருபவர் வாசலில் கேட்கும் முதற் கேள்வி, "பேர் போட்டாச்சா?" என்பதுதான். "பேர்தான் ஓடுது, போங்க" என்று சீட்டுக் கிழிப்பவர் சொல்லிவிட்டால் எல்லார் முகத்திலும் நிம்மதி பரவும். கதை இன்னும் தொடங்கவில்லை என்பது அதன் பொருள். பெயர்கள் ஓடுகின்ற அந்நேரத்தில்தான் மணலைக் குவித்து இருக்கை அமைப்போம், முறுக்கு வாங்குவோம், முன்னிருப்பவர் தலையை விலக்கச் சொல்வோம். ஒரு படத்திற்காக மாதக்கணக்கில் உழைத்தவர்கள் நம்மிடம் கேட்டது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். அதையும் நாம் கொடுக்கவில்லை.

அந்தப் பெயர்களில் சிலவற்றை இன்று நிதானமாகப் படிப்போம். 1948இல் வெளிவந்த ஜெமினியின் 'சந்திரலேகா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். வாசன் என்ற பெயரும், டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் என்ற நடிகர்களின் பெயர்களும் நாமறிந்தவை. படத்தை இயக்கத் தொடங்கியவர் டி.ஜி. ராகவாச்சாரி, அவர் இடையில் விலகியபின் வாசனே பொறுப்பேற்றார். ஒளிப்பதிவுக்கு கமால் கோஷும் கே. ராம்நாத்தும் உழைத்தனர். அரங்கங்களை எழுப்பியவர் ஏ.கே. சேகர். இசை எஸ். ராஜேஸ்வர ராவ். பாடல்கள் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும். இத்தனை பெயர்களும் கிடைத்துவிட்டன. ஆனால், அந்தப் பெரிய முரசுகளின்மீது ஏறி ஆடினார்களே நூற்றுக்கணக்கான பெண்கள்! நாளெல்லாம் ஒத்திகை பார்த்த அவர்களில் ஒருவர் பெயரையேனும் நம்மில் எவராவது சொல்ல இயலுமா?

கொத்தமங்கலம் சுப்பு இவ்வவைக்கு அணுக்கமானவர். கவிதை, கதை, வசனம், நடிப்பு, இயக்கம் என ஜெமினியில் அவர் தொடாத துறை குறைவு. 1953இல் வந்த 'ஔவையார்' படத்தை இயக்கியவர் அவரே. 'கலைமணி' என்ற புனைபெயரில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியவரும் அவரே. மாதச் சம்பளத்திற்குப் படைப்பது தாழ்வானது என்று இலக்கிய மேடைகளில் நாம் பேசிய நாட்களில், அந்தச் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே அவர் மக்கள் மொழியில் எழுதிக் குவித்தார்.

இனி சேலத்திற்கு வருவோம். டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் 'மந்திரி குமாரி'யை வெளியிட்டது. அதன் கதைக்கரு குண்டலகேசியிலிருந்து வந்தது. வசனம் மு. கருணாநிதி, இசை ஜி. ராமநாதன்; இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவர் பணியை முடிக்காமல் விட்டுச் செல்லவே, எஞ்சியதைச் சுந்தரம் முடித்தார். மொழியறியாத ஒருவர், மொழியின் வேகத்தையே உயிராகக் கொண்ட வசனப் படத்தை இயக்க முடிந்தது எவ்வாறு? ஒவ்வொரு காட்சியிலும் சொல்லின் பொருளையும் தொனியையும் அவருக்கு எடுத்துச் சொன்ன தமிழறிந்த உதவியாளர்கள் உடனிருந்தார்கள். காதுகளை இரவலாகத் தந்த அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே படத்தின் பாடலாசிரியர்களாக அ. மருதகாசி, கா.மு. ஷெரீப் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்தே சொல்கிறோம். அக்காலப் படங்கள் பலவற்றில் பாடலாசிரியர் அனைவரும் ஒரே அட்டையில் வரிசையாக நிற்பார்கள்; எந்தப் பாட்டு எவருடையது என்று அட்டை சொல்லாது. பாட்டுப் புத்தகங்கள் பலவற்றிலும் இதே நிலைதான். பின்னாளில் எத்தனை பாடல்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கணக்கிற்கு மாறிப் போயின என்பதை இங்குள்ள கவிஞர்கள் அறிவீர்கள்.

குரலுக்கும் இதே கதிதான். 1945இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி, அப்பாடல்களுக்கு பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. முகம் ஒருவருடையது, நாதம் மற்றொருவருடையது என்ற புதுமை அந்நாளில் பழகிக்கொண்டிருந்தது. முகத்தை நினைவில் வைத்த நாம் குரலை மறந்தோம். குரலுக்கும் பெயர் கிடைத்தபின், சொல்லை மறந்தோம்.

1952இல் வந்த 'பராசக்தி'யில் பூசாரியாக நடித்தவரைக் கண்ட எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவர் கே.பி. காமாட்சிசுந்தரம், பல படங்களுக்குப் பாட்டெழுதிய கவிஞர். ஒரு கவிஞர் திரை நிறைய நின்று நம் கண்களை நேருக்கு நேர் பார்த்தார். நாமோ பூசாரியை ஏசினோம். கவிஞரை அறியாமல் வீடு திரும்பினோம்.

அன்பர்களே, இப்போது என் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். என் சித்தப்பா ஒரு தகரப் பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்கள் சேர்த்து வைத்திருந்தார். மெல்லிய பழுப்புத் தாள். முதற் பக்கத்தில் படத்தின் பெயர், அடுத்து நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் வரிசை, பிறகு மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் கதைச் சுருக்கம், அதன்பின் பாடல்கள். சில பாடல்களின் ஓரத்தில் எழுதியவர் இன்னார் என்று சித்தப்பா பென்சிலால் குறித்திருப்பார். கல்லூரி முடித்து, புதுக்கவிதைமீது மோகம் கொண்டு, சினிமாப் பாட்டென்றால் முகம் சுளித்த காலத்தில், அந்தப் பெட்டியைப் பழைய தாள் கடையில் நானே எடைக்குப் போட்டேன். அந்தப் பணத்தில் ஒரு கவிதைத் தொகுதி வாங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்துக் கூட்டமொன்றில் ஓர் இளைஞர் பழைய பாடலொன்றை வேறொரு கவிஞரின் பெயரில் பாராட்டிப் பேசினார். தவறென்று எனக்குத் தெரியும். சித்தப்பாவின் பென்சில் எழுத்துகூட என் கண்முன் நின்றது. எழுந்து மறுத்தேன். "ஆதாரம் உண்டா, ஐயா?" என்று பணிவாகவே கேட்டார். ஆதாரத்தை என் கையாலேயே தராசுத் தட்டில் வைத்தவன் நான். பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன். அன்று அந்தக் கவிஞர் என் கண்ணெதிரே தம் பாடலை இழந்தார்.

இத்தகைய இழப்பு தமிழுக்குப் புதிதன்று. இழப்பைத் தடுக்கும் வழியும் புதிதன்று. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடியவரின் பெயர் கிடைக்காதபோது பாட்டை அநாதையாக விடவில்லை. பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்றார்கள். பரிபாடலின் அடிக்குறிப்புகளோ இன்னும் ஒரு படி மேல். பாடியவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்று முறையாகச் சொல்கின்றன. கண்ணனாகனாரும் பெட்டனாகனாரும் இசை வகுத்தவர்கள் என்பதை இன்று நாம் அறிவது அக்குறிப்புகளால்தான். கவிஞரோடு இசைவாணரையும் ஒருசேர மதித்த அந்த அடிக்குறிப்பே தமிழின் முதற் பெயர் அட்டை என்பேன். 'மந்திரி குமாரி'க்குக் கரு தந்த குண்டலகேசியின் சில செய்யுட்களேனும் நமக்கு எஞ்சியிருப்பதும், உரையாசிரியரும் தொகுப்பாளரும் எடுத்தெழுதி வைத்ததனாலன்றோ!

நம் காலத்திலும் அத்தகையோர் இருந்தார்கள். 2016இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் படங்களின் விவரங்களைத் திரட்டினார். 1992இல் மறைந்த கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூற்செல்வம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கே பாட்டுப் புத்தகங்களுக்கும் இடமுண்டு. ஜெமினியில் 1952 முதல் 1966 வரை பணியாற்றிய அசோகமித்திரன், 'கரைந்த நிழல்கள்' நாவலில் திரைக்குப் பின்னாலிருந்த எளிய மனிதர்களை இலக்கியத்திற்குள் அழைத்து வந்தார். தலைப்பே போதும்; நம் பொருள் அதுதான்.

அக்காலப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்றில்லை. சேலத்து ஸ்டூடியோவில் நினைவுக்கு எஞ்சியது முகப்பு வளைவுதான். அரங்கங்களும் விளக்குகளும் போயின. பெயர்களைக் காப்பது மட்டுமே நம் கைக்கு எட்டியது.

ஆகவே வட்டத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள் வைக்கிறேன். ஒன்று: அடுத்த ஆண்டிற்குள் நம் உறுப்பினர் வீடுகளின் பரண்களிலுள்ள பாட்டுப் புத்தகங்களைத் திரட்டிப் படியெடுத்து, படம், ஆண்டு, பாடல், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று ஒரு பட்டியல் செய்வோம். ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே எழுதுவோம். நம் விருப்பத்தை எழுத வேண்டாம். இரண்டு: இம்மேடையில் எவர் பழைய திரைப்பாடலைச் சொன்னாலும், முதலடிக்கு முன் எழுதியவர் பெயரையும் இசை வகுத்தவர் பெயரையும் சொல்வோம்.

நம் பெயர் அச்சில் விடுபட்டால் நாம் எவ்வளவு வருந்துகிறோம்! இம்மலரிலும் யார் பெயருக்காவது எழுத்துப் பிழை நேர்ந்தால் செயலாளர் படும் பாட்டை நான் அறிவேன். அந்த வருத்தத்தில் பத்தில் ஒரு பங்கையேனும், அட்டையில் இடம் கிடைக்காத முரசு நடனப் பெண்களுக்காகவும், விளக்குப் பிடித்த கைகளுக்காகவும் ஒதுக்குவோம்.

"பேர் போட்டாச்சா?" என்று இனி எவரேனும் இவ்வட்டத்தைக் கேட்டால், "இன்னும் இல்லை, போட்டுக்கொண்டிருக்கிறோம், உள்ளே வந்து உட்காருங்கள்" என்று சொல்வோம்.