பரிசுக்கு உரியவர் யார்?



இலங்கையின் தலைசிறந்த விளையாட்டு வீரர் என ஒருவருக்கே விருதளிப்பதாயின், அது யாருக்கு உரியது? தெல்தோட்டையிற் கேட்டால், முரளிதரன் என்ற விடையே முதலில் எழும். கண்டியிற் பிறந்த தமிழர். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியவர். எதிர்வீரசிங்கமோ 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து இந்நாட்டுக்குத் தங்கம் ஈட்டினார்.

இவ்விருவரையும் போற்றுகிறோம். ஆயினும் எளிய கிராமத்துக் குடும்பத்திற் பிறந்த சுசந்திகா ஜயசிங்கவையே நாம் முன்மொழிகிறோம். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் அவர் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டார். 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. 1948இல் டங்கன் வைற் பெற்ற வெள்ளிக்குப்பின், 52 ஆண்டுகள் காத்திருந்து நாடு கண்ட ஒலிம்பிக் பதக்கம் அது. கிரிக்கெட் வீரனுக்குப் பத்துத் தோழர் துணை. ஓட்டக்காரிக்கு அவள் கால்களே துணை.

"அவர் நம்மவரல்லரே" என்று சிலர் முணுமுணுக்கலாம். நம்மவர் என்பதற்காகக் கொடுப்பது சீதனம். தகுதிக்காகக் கொடுப்பதே பரிசு. நாளை நம் தோட்டத்துப் பிள்ளையொன்று ஓடி வெல்லும்போது, இன்னார் மகளென்று பாராமல் பிறர் கைதட்ட வேண்டுமானால், இன்று நாம் அவ்வாறு கைதட்டப் பழகுவோமாக.