சான்றே சொல்லுக்கு வலிமை

மேடைப் பேச்சில் குரல் வளத்திற்கும் சொல்லழகிற்கும் இடமுண்டு. ஆயினும் கேட்போரை இணங்கச் செய்வது பேச்சாளர் காட்டும் சான்றேயாகும். “புள்ளிவிவரங்கள் கூறுகின்றன” என்று சொல்வது மட்டும் போதாது. அவற்றைத் தந்தவர் யார், அதை அறிந்துரைக்கும் தகுதி அவருக்கு உண்டா, அவை எந்த ஆண்டுக்குரியவை, எவ்வாறு கணக்கிடப்பட்டவை என்பனவற்றையும் அவையினர் அறிதல் வேண்டும்.

இத்துறையில் சிறந்த வழிகாட்டி தாதாபாய் நௌரோஜி. இந்தியாவின் வறுமை குறித்து 1876-ஆம் ஆண்டில் பம்பாயில், கிழக்கிந்தியச் சங்கத்தின் கிளையில் அவர் கட்டுரை படித்தார். இந்தியர் ஒருவரின் ஆண்டு வருமானம் சராசரி 20 ரூபாய் என்பது, 1867-68-ஆம் ஆண்டையொட்டி அவர் கண்ட முடிவு. ஆட்சியாளருக்குக் கசப்பான இம்முடிவை, மாகாண அரசுகளின் நிர்வாக அறிக்கைகளைக் கொண்டே அவர் நிறுவினார். எதிர்த்தரப்பினர் தாமே வெளியிட்ட ஏட்டை நம்பத்தகாதது என்று எளிதில் தள்ளிவிட இயலுமா?

அதே வேளையில், அரசு ஏடு என்பதற்காக அதை அவர் அப்படியே ஏற்கவுமில்லை. மாவட்டங்களின் விளைச்சல் சராசரிகளைக் கூட்டி, மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து, மாகாணச் சராசரி காணும் முறை பிழையானது என்று சுட்டிக்காட்டினார். சிறிய மாவட்டமும் பெரிய மாவட்டமும் ஒரே மதிப்புப் பெறுவது எங்ஙனம் பொருந்தும்? சாகுபடிப் பரப்பைக் கருத்திற்கொண்டு கணக்கிடுவதே முறை என்றார்.

1882-ஆம் ஆண்டில் நிதி உறுப்பினர் ஈவ்லின் பேரிங், தலா வருமானம் 27 ரூபாய் என அறிவித்தார். அக்கணக்கின் விவரத்தை நௌரோஜி கேட்டபோது, தர மறுத்துவிட்டார். உயர்ந்த பதவி ஒரு எண்ணுக்கு மதிப்பைத் தரலாம். நம்பகத்தைத் தருவது வழிமுறையைத் திறந்து காட்டும் துணிவே. நௌரோஜியின் மதிப்பீட்டிலும் பிற்காலப் பொருளாதார அறிஞர்கள் குறை கண்டனர். ஆனால் அவர் தம் கணக்கை வெளிப்படையாக வைத்ததனால்தான் அத்தகைய ஆய்வுக்கே வழி பிறந்தது.

இன்று கிராம சபையில் பேசும் ஊராட்சித் தலைவருக்கும், உழவரிடம் பேசும் விரிவாக்க அலுவலருக்கும் இந்நெறி பொருந்தும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணைக் கூறுபவர் அந்த ஆண்டையும் சேர்த்தே கூறவேண்டும். புதிய விதையின் விளைச்சலைக் கூறுபவர், அது ஆராய்ச்சிப் பண்ணையில் கிடைத்ததா, உழவரின் வயலில் கிடைத்ததா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். பண்ணையில் கண்ட விளைச்சலை நம்பிக் கடன் வாங்கி விதைத்தவர் வயலில் ஏமாந்தால், மறுமுறை எந்த அலுவலரின் சொல்லும் அவர் செவியில் ஏறாது. இழந்த நம்பிக்கையை எந்தச் சொல்வன்மையாலும் எளிதில் மீட்க முடியாது.