குழம்பில்லாத பந்தி



சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஓர் இளைஞர் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பழுப்பு நிறப் பொடி அடைத்த பாக்கெட்டுகள். "சார், இதுல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. மாசம் ஒரு பாக்கெட்டைப் போட்டுத் தண்ணி ஊத்திட்டீங்கன்னா, செப்டிக் டேங்க் லாரியையே கூப்பிட வேண்டாம்" என்றார். "ஏன் தம்பி, எங்க வீட்டுத் தொட்டியில ஏற்கெனவே பாக்டீரியா இல்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "இருக்கும் சார். ஆனா இது கம்பெனி பாக்டீரியா" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். உயிர்களைக் கொண்டு மாசைத் துடைக்கும் கலையைப் பற்றி உலகம் நெடுநாள் நினைத்திருந்ததும் அதுதான். ஊரில் இருப்பவை போதாது, ஆய்வகத்திலிருந்து ஒரு வீரனை இறக்க வேண்டும் என்ற நினைப்பு.

அந்த நினைப்புக்குப் பெரிய புகழ் தேடித் தந்தவர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. மேற்கு வங்கத்தில் சைந்தியா என்ற ஊரில் பிறந்தவர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கச்சா எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைத் தின்னத் தெரிந்த பல பாக்டீரியாக்களின் திறமைகளை ஒரே பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். 1972-ல் காப்புரிமை கேட்டார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்று வழக்கு நடந்து, 1980 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. இன்றைய உயிரித் தொழில்நுட்ப வணிகம் முழுவதும் அந்தத் தீர்ப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பாக்டீரியா மட்டும், எண்ணெய் கொட்டிய எந்தக் கடலிலும் இறக்கப்படவே இல்லை. சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்ததோடு சரி.

இந்தக் கலையின் உண்மையான பரீட்சை அலாஸ்காவில் நடந்தது. 1989 மார்ச் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்னும் கடற்பகுதியில் பாறைத்திட்டில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கூழாங்கல்லும் பாறையுமான கரைகள் கறுப்பாகிப் போயின. கப்பலை நடத்திய எக்ஸான் நிறுவனம் வெந்நீரைப் பீய்ச்சிக் கரையைக் கழுவியது. தொலைக்காட்சிக்கு அது நல்ல காட்சி. ஆனால் எண்ணெய்க்குத் தப்பிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகளும் பாசிகளும் வெந்நீரில் வெந்து செத்தன. கழுவாமல் விட்ட கரைகளைவிடக் கழுவிய கரைகளில் உயிர்கள் திரும்பி வர அதிக நாளானது என்று பின்னால் கண்டார்கள்.

அந்த ஆண்டுக் கோடையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள். இந்தக் கரையில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா இருக்கிறதா? தேடியபோது ஏராளமாக இருந்தன. இதில் வியக்க ஒன்றுமில்லை. கடலடியில் பல இடங்களில் எண்ணெய் தானாகவே ஊறிக் கசிகிறது. மனிதன் கப்பல் கட்டுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதைத் தின்று வாழும் உயிர்கள் கடலில் இருக்கின்றன. வட கடலின் போர்க்கும் தீவை அடுத்துக் கண்டெடுத்து 1998-ல் பெயரிடப்பட்ட ஒரு பாக்டீரியாவுக்கு எண்ணெயைத் தவிர வேறு உணவில் அவ்வளவாக நாட்டமே கிடையாது. வழக்கமாகக் கண்ணில் படாத அளவு சொற்பமாக இருக்கும். எண்ணெய் கொட்டினால் பல்கிப் பெருகும்.

சரி, ஆள் இருக்கிறது, சாப்பாடும் மலை மலையாக இருக்கிறது. பிறகு ஏன் வேலை மெதுவாக நடக்கிறது? கச்சா எண்ணெய் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். அதில் தழைச்சத்து மிகக் குறைவு, மணிச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லலாம். கல்யாணப் பந்தியில் சோற்றை மட்டும் குவித்துவிட்டுக் குழம்பை மறந்தது போல. எவ்வளவு பசி இருந்தாலும் வெறும் சோற்றை எவ்வளவுதான் தின்ன முடியும்?

எனவே அவர்கள் ஊற்றியது குழம்பு. உரம் போட்டார்கள் என்று நம் விவசாயிகள் சொல்வார்களே, அதேதான். எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும் ஒரு திரவ உரத்தைக் கற்கள்மேல் தெளித்தார்கள். மெதுவாகக் கரையும் குருணை உரத்தையும் தூவினார்கள். இரண்டு மூன்று வாரங்களில், உரமிட்ட சோதனைப் பாத்தி ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தாலே தெரிந்தது: கறுப்புக் கரையின் நடுவே ஒரு வெளிறிய செவ்வகம். எண்ணெய் மறைந்த வேகம் இரண்டு மூன்று மடங்கு கூடியிருந்தது. அந்தக் கோடையிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கரைக்கு உரம் போடப்பட்டது. திரவ உரத்தில் தொழிலாளர் உடம்புக்கு ஆகாத ஒரு கரைப்பான் கலந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிரைக் கொண்டு செய்யும் வேலை என்பதாலேயே அது தீங்கில்லாதது என்று ஆகிவிடாது.

கம்பெனி பாக்டீரியா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதையும் சோதித்தார்கள். 1990-ல் டிஸ்க் தீவில், விற்பனைக்கு வந்த இரண்டு நுண்ணுயிர்த் தயாரிப்புகளை உரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவற்றால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அந்நிய மண்ணில் இறங்கும் உயிருக்குக் குளிர் பழக வேண்டும், உப்புப் பழக வேண்டும், ஏற்கெனவே குடியிருப்பவர்களோடு போட்டியிட வேண்டும். பாக்டீரியாவையே பிடித்துத் தின்னும் நுண்ணுயிர்களுக்கும் தப்ப வேண்டும். தயிர் உறையவிடப் பாலில் உறைமோர் விடுகிறோம். ஏற்கெனவே தயிராகிவிட்ட பாத்திரத்தில் இன்னொரு கரண்டி விட்டு என்ன ஆகப்போகிறது?

என் மதிப்பீடு இதுதான். இந்தக் கலை உழவர் வேலையைச் சேர்ந்தது. மருந்துக் கடைப் பக்கம் அதற்கு அதிக வேலையில்லை. மண்ணில் என்ன இருக்கிறது, எது குறைகிறது, காற்று போகிறதா, ஈரம் நிற்கிறதா என்று பார்த்துப் பக்குவம் செய்பவர்தான் இதில் கெட்டிக்காரர். அந்த வகையில் இது நேர்மையான, மலிவான, அழகான கலை. அலாஸ்காவின் அந்தச் செவ்வகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நல்ல விளைச்சலைப் பார்ப்பது போல ஒரு நிறைவு வந்தது.

ஆனால் உழவருக்கும் விளையாத நிலம் உண்டு. கச்சா எண்ணெய் ஒரே பொருளல்ல. நேர்ச் சங்கிலியாக அமைந்த மூலக்கூறுகளைப் பாக்டீரியா முதலில் தின்றுவிடும்; வளையங்களாகப் பின்னிக் கிடப்பவை மெதுவாகத்தான் கரையும்; தார் போன்ற கடைசிப் பகுதியைப் பெரும்பாலும் தொடாது. தொட்டிருந்தால் நம் தார்ச்சாலைகள் இத்தனை வருஷம் கிடக்குமா? (நம் சாலைகள் சீக்கிரம் போவதற்குப் பாக்டீரியா காரணமல்ல என்பது உங்களுக்கே தெரியும்.)

இரண்டாவது தடை காற்று. எண்ணெயை மளமளவென்று தின்பவற்றுக்குப் பிராணவாயு வேண்டும். 2001-ல், விபத்து நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அலாஸ்காவில் 91 இடங்களில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இருந்தது. மேற்பரப்பு பளிச்சென்று இருந்த கரைகளில்கூடக் கற்களுக்கு அடியில், காற்றும் ஓடும் நீரும் எட்டாத இடத்தில், அது அப்படியே பதுங்கிக் கிடந்தது.

உலோக மாசு வேறு கதை. எண்ணெயைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் உடைக்கலாம். ஆர்சனிக்கையும் ஈயத்தையும் யாரும் உடைக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். ஃபுளோரிடாவில் மரத்துக்கு மருந்தேற்றிய பழைய மனையொன்றில் ஆர்சனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பெரணிச் செடியைக் கண்டுபிடித்து 2001-ல் அறிவித்தார்கள். அருமையான செடிதான். அறுத்த இலையை எங்கே போடுவது என்ற கேள்வி மட்டும் மிச்சம். நம் வெட்டிவேரையும் இந்த வேலைக்கு உலகெங்கும் நடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே நம் தமிழ்ச் சொல்தான்.

கடைசியாக நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கப்பல் எரிபொருள் கடலில் கசிந்தது. அது கனமான, தார்த்தன்மை மிகுந்த எண்ணெய். பாக்டீரியா தொடத் தயங்கும் வகை. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதைப் பார்த்து அன்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலிக்குரியதாகப் படவில்லை. கையால் அள்ளும் நிலைக்கு அவர்களை விட்டது தவறு. ஆனால் அள்ளியது சரி. அப்படி அள்ளிய சேற்றைத் துறைமுக வளாகத்தில் ஒரு குழியில் சேர்த்து நுண்ணுயிர்களைக் கொண்டு பதப்படுத்தினார்கள். ஓரிடத்தில் சேர்த்த சேற்றைத்தான் கிளறிக் காற்றுக் கொடுக்கவும், ஈரம் பார்த்து உரம் போடவும் முடியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்தது. இம்முறை கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் புகுந்து அலையாத்தி மரங்களின் வேர்களில் படிந்தது. அந்த மரங்களைப் பார்த்திருப்பீர்கள்; சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுவேர்கள். அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லாததால்தான் மரம் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. மரத்துக்கே மூச்சு முட்டும் சேற்றில் இறங்கிய எண்ணெயைத் தின்னப் பாக்டீரியா விரைந்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே நேயர்களே, இன்னொரு முறை எங்காவது எண்ணெய் கொட்டி, நுண்ணுயிர் விட்டிருக்கிறோம், கவலை வேண்டாம் என்று யாராவது அறிக்கை கொடுத்தால், எவ்வளவு அள்ளினீர்கள், எத்தனை மணி நேரத்தில் அள்ளினீர்கள் என்று முதலில் கேளுங்கள்.