பொன்னாடை போதாது: பறைக்குழுத் தோழர்களோடு ஒரு பேச்சு



அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளில் பறை குறித்துப் பேச எங்கள் குழுவை அழைத்திருக்கிறீர்கள். பறையின் தொன்மையைப் பற்றி இத்தகைய மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. அதை அடிப்பவரின் கை, காது, கூலி பற்றிப் பேசியது குறைவு. எதிரே இருக்கும் மாணவர்களில் பலர் குழுக்களில் ஆடுகிறவர்கள். எனவே இன்று தொழில் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

1927இல் மகாடில் கூடிய மக்களிடம், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டுவிடுங்கள் என்றார் அண்ணல். சாதி சுமத்திய இழிவை நாமே உதறுவது விடுதலையின் முதல் அடி. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தமிழகத்துச் சேரிகள் மறுத்ததும் அதே அடிதான். பின்னர் 1990களில் தலித் கலைவிழா மேடைகளில் அதே பறை போராட்டக் கருவியாக நிமிர்ந்தது. மறுத்ததும் சரி, எடுத்ததும் சரி. யார் சொல்லி அடிக்கிறோம், என்ன நிபந்தனையில் அடிக்கிறோம் என்பதில்தான் அடிமைத்தனத்துக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. இன்றைய பேச்சு முழுவதும் அந்த நிபந்தனைகளைப் பற்றியதுதான்.

முதலில் கருவி. வேப்பமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல், வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி. தோல் ஈரத்தை வாங்கினால் தளரும். பனியிலும் மழையிலும் குரல் இறங்கிவிடும். அதனால்தான் காய்ச்சுகிறோம். நெருப்புக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சுழற்றிக்கொண்டே இருங்கள், விரலால் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்ததும் எடுத்துவிடுங்கள். அதற்குமேல் சூடேறினால் தோல் பிளக்கும். அரங்குக்குள் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள். எனவே காய்ச்சுவதற்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆளுக்கு ஒரு பறை போக, குழுவுக்கு இரண்டு பறை கூடுதலாக இருக்கட்டும். ஒன்று தளரும்போது காய்ச்சி வைத்ததை மாற்றிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் தோல் போட்ட பறை நல்லதா என்று கேட்கிறார்கள். காய்ச்ச வேண்டாம், மழைக்குத் தாங்கும். பயிற்சிக்கும் ஊர்வலத்துக்கும் உதவும். ஆனால் அடிநாதம் குறையும். தோல் தீட்டு என்று முகம் சுளிப்பவர்களுக்காக மட்டும் தோலை விடாதீர்கள். தோலைப் பதப்படுத்தி, இழுத்து ஒட்டிக் கொடுக்கும் கைகளும் நம் கைகள்தான். அவர்களிடம் விலை பேசும்போது, நம் கூலியை யாராவது குறைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒலி. திறந்தவெளியில் எட்டுப் பறைக்கு மைக் தேவையே இல்லை. மேடையில் பாட்டோடும் கிதாரோடும் சேரும்போதுதான் சிக்கல். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறிய பிறகு இப்படிப்பட்ட கச்சேரிகள் பெருகியிருக்கின்றன. பறையின் முன்முகத்தில் குச்சியின் வெட்டு கேட்கும். திறந்த பின்பக்கத்தில் ஆழமான ஒலி கேட்கும். நின்று அடிப்பவருக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் முழுக் குரலும் வரும். ஆடிக்கொண்டே அடிக்கும் குழுவுக்கு மேடை முன்வரிசையில் இடுப்பளவு உயரத்தில் இரண்டு மூன்று மைக் போதும். ஒலி சோதிக்கும்போது மெல்லத் தட்டிக் காட்டாதீர்கள். குழு முழுவதும் முழு வேகத்தில் அடியுங்கள். இல்லையென்றால் நிகழ்ச்சியின்போது ஒலி உடைந்து இரைச்சலாகும். ‘எக்கோ’ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அடவின் துல்லியத்தைக் கரைத்துவிடும்.

காதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழில் நலத்துறையில் பரிந்துரைக்கப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். நிகழ்ச்சி முடிந்த பிறகு காதில் ‘ஙொய்ங்’ என்று ஒலித்தால் அது எச்சரிக்கை. போன செவித்திறன் திரும்பாது. பயிற்சியிலாவது காதடைப்பான் போடுங்கள். சிறுவர்களைப் பறை வரிசைக்கு நடுவில் நிறுத்தாதீர்கள். நம் உடம்பை மலிவாகக் கருதச் சாதி பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாமே தொடர வேண்டாம்.

இனி கணக்கு. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். மகிழ்ந்தோம். ஆனால் பல விழாக்களில் இன்னும் பறைக்குழுவுக்குக் கிடைப்பது பொன்னாடையும் கைதட்டலும்தான். பொன்னாடையைக் காட்டினால் பேருந்தில் சீட்டுத் தரமாட்டார்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, பயணம், சாப்பாடு, தங்குமிடம், பெண்களுக்கு உடைமாற்ற அறை, கழிப்பறை எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப் செய்தியாக இருந்தாலும் போதும். முன்பணம் வந்த பிறகு வண்டி ஏறுங்கள். மேடையேறும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் இசைக்கருவிக்கும் சட்டத்தில் தடை இருக்கிறது. தலைவர்கள் பேசி முடித்து நம்மைக் கடைசியில் கூப்பிடுவார்கள். காவலர் வந்தால் வெட்டுப்படுவது நம் நிகழ்ச்சிதான்.

குழுவுக்குள் வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். தோலுக்கும் வண்டிக்கும் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சமமாகப் பிரியுங்கள். பெண் தோழர்கள் இரவில் வீடு சேர்ந்த செய்தி வரும்வரை நிகழ்ச்சி முடியவில்லை என்று கொள்ளுங்கள். அடவு சொல்லிக் கொடுத்த ஆசானின் பெயரை மேடையில் சொல்லுங்கள். அவருக்குரிய தொகையையும் கொடுங்கள். பறையைத் தமிழர் இசை என்று எடுத்துக்கொண்டு, அதைக் காத்த சேரியை மறைக்கும் வேலையைக் கல்லூரிக் குழுக்களும் செய்யக்கூடாது.

சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போகலாமா? இதைக் குழு கூடி முடிவெடுக்கட்டும். பிறப்பைச் சொல்லிக் கூப்பிட்டால் போகக்கூடாது. மிரட்டிக் கூப்பிட்டால் புகார் கொடுங்கள். கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தோழமையோடு அழைத்து, பேசிய கூலியைக் கொடுத்து, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்காரவைத்தால் குழு யோசிக்கலாம். தனியாக இலை போட்டால் அந்த நிமிடமே மொத்தக் குழுவும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். இதை ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்திருங்கள். அங்கே போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வெளியே பறை காய்ச்ச இடம் கேட்டு வைத்திருக்கிறோம். குச்சி பிடிக்கத் தெரிந்தவர்கள் வாருங்கள். தெரியாதவர்களும் வாருங்கள்.

ஜெய்பீம்.