வழுவும் வழுவமைதியும்



மொழியில் நேரும் பிழைக்குத் தமிழிலக்கணம் வழு என்று பெயரிட்டது. பிழையற்ற நிலையை வழாநிலை என்றது. அவ்வளவோடு நில்லாது, பிழையாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றையும் வகுத்தது. உவகை மிகுதியால் பசுவைத் தாயென அழைக்கும் ஆயன் திணை தவறுகிறான். ஆயினும் அவனுடைய உள்ளத்தை அறிந்த இலக்கணம் அவனைக் குற்றவாளியாக நிறுத்துவதில்லை.

கணினித் துறையிலும், நிரலில் மறைந்து கிடக்கும் பிழையை வழு என்றே இன்று வழங்குகின்றனர். எந்த வழுவைப் பொறுக்கலாம், எந்த வழுவைப் பொறுத்தல் ஆகாது என்னும் பழைய வினா அத்துறையிலும் எழுந்துள்ளது. அதனை உலகெங்கும் பேசச் செய்தது ஒரு விளையாட்டு. 'சைபர்பங்க் 2077' என்பது அதன் பெயர்.

இது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகையைச் சேர்ந்தது. நாவலைப் படிப்பவன் ஆசிரியன் அழைத்துச் செல்லும் வழியே செல்கிறான். இவ்விளையாட்டில் இறங்குபவனோ கதைத் தலைவனாகத் தானே மாறி, எங்கே செல்வது, யாரை நம்புவது, யாருக்குத் துரோகம் செய்வது என்று தானே தெரிந்தெடுக்கிறான். இவ்வகை விளையாட்டுகள் முதலிற் கணினியில் தோன்றியவை அல்ல. மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்ந்து, தாளும் பென்சிலும் தாயக்கட்டையும் கொண்டு ஆடியவை அவை. அமெரிக்கரான மைக் பொண்ட்ஸ்மித் 1988 ஆம் ஆண்டில் அவ்வாறு வெளியிட்டதே 'சைபர்பங்க்'. பெருங் கம்பனிகள் அரசுகளையும் மிஞ்சி ஆளுகின்ற, மனிதர் தம் உறுப்புகளுக்குப் பதிலாகப் பொறிகளைப் பொருத்திக்கொள்ளுகின்ற ஒரு வருங்கால நகரமே அதன் களம். போலந்து நாட்டின் வார்சோ நகரிலுள்ள சீ.டி. புரொஜெக்ட் நிறுவனம் அதனைக் கணினி விளையாட்டாக ஆக்க முற்பட்டது.

அந்நிறுவனம் இதனை அறிவித்தது 2012 மே மாதத்தில். 2013 சனவரியில் சிறியதொரு முன்னோட்டப் படத்தை வெளியிட்டு, ஆயத்தமானதும் வரும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. அது நேர்மையான வாக்குறுதி. ஏனெனில் அதில் திகதி இல்லை. பின்னர் 2015 இல் அதே நிறுவனத்தின் 'விச்சர் 3' வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அப்புகழின் ஒளி இன்னும் பிறவாத குழந்தையின் மீதும் வீழ்ந்தது. 2019 யூன் மாதத்தில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்றி, இவ்விளையாட்டு 2020 ஏப்பிரில் 16 ஆம் நாள் வெளிவரும் என்று அறிவித்தபோது, அதுவரை திகதியின்றி இருந்த வாக்குறுதிக்குத் திகதி ஒன்று கிடைத்தது. துன்பமும் அதனோடு கூடவே வந்தது.

காத்திருப்பவன் மனநிலை விசித்திரமானது. அவன் முன்னோட்டத்தைப் பன்முறை பார்க்கிறான். அதில் காணாதவற்றையும் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறான். விலையையும் முற்கூட்டியே செலுத்திவிடுகிறான். அதே வேளை, வெளிவரும் நாளில் அது பழுதோடு வருமோ என்ற அச்சமும் அவன் நெஞ்சின் ஒரு மூலையில் குடியிருக்கிறது. ஏப்பிரில் 16 என்ற நாள் செப்டெம்பர் 17 ஆயிற்று. அது நவெம்பர் 19 ஆயிற்று. ஒக்டோபர்த் தொடக்கத்தில், மூலப்பிரதி ஆயத்தமாகிவிட்டது என்ற செய்தியும் வந்தது. அம்மாதம் முடிவதற்குள்ளேயே நாள் மூன்றாம் முறையாகத் தள்ளி, டிசெம்பர் 10 என்று அறிவிக்கப்பட்டது. சினமுற்றோர் சிலர் ஆக்குநர்களுக்குக் கொலை மிரட்டல் விடுக்கும் அளவுக்கும் சென்றனர். விளையாட்டுக்காகக் காத்திருந்தவர் விளையாட்டின் எல்லையையே மறந்த தருணம் அது.

இத்தகைய ஆக்கங்களில் வழுக்கள் ஏன் மலிகின்றன என்பதை ஆராய்தல் பயன் தரும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானையிலுள்ள பருக்கைகள் எல்லாம் ஒரே நீரில் ஒரே தீயில் வேகின்றமையால் அது உண்மையாகிறது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி அடுப்பில் வேகிறது. ஆடுபவன் ஓரிடத்தில் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிகிறான் என்று கொண்டால், அத்தகைய பத்துத் தெரிவுகளால் 1,024 கதை வழிகள் உண்டாகின்றன. இருபது தெரிவுகளானால் அவை பத்து இலட்சத்தையும் கடந்துவிடுகின்றன. இவற்றோடு, வானிலையும் வாகனங்களும் வழிப்போக்கர்களும் ஆயுதங்களும் ஒன்றோடொன்று மோதும் விதங்களையும் சேர்க்க வேண்டும். அத்தனையையும் நடந்து பார்த்துச் சோதிக்க எந்தச் சேனையாலும் இயலாது.

இன்னொரு கணக்கும் உண்டு. பதினாயிரம் பேரில் ஒருவருக்கே நேரக்கூடிய வழு ஒன்று இருப்பதாகக் கொள்வோர், அது நூறு பரிசோதகரின் கண்ணில் அகப்படாமலே போகக்கூடும் என்பதை எளிதில் உணர்வர். சைபர்பங்க் விளையாட்டுக்கு முற்பணம் கட்டியவர்களோ எண்பது இலட்சம் பேர். அவர்கள் அனைவரும் ஆடத் தொடங்கும்போது அந்த ஒரே வழு எண்ணூறு பேரை வருத்தும். எனவே வெளியீட்டு நாளன்று சில வழுக்கள் தலைகாட்டுதல் இயல்பே. இவற்றை அறிந்தோர் பொறுக்கின்றனர். இதுவே இத்துறையின் வழுவமைதி.

ஆயின் 2020 டிசெம்பர் 10 ஆம் நாள் வெளிவந்தவை இவ்வெல்லைக்குள் அடங்குவன அல்ல. ஆற்றல் மிக்க கணினிகளில் விளையாட்டு ஓரளவு ஓடியது. 2013 ஆம் ஆண்டில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பழைய பொறிகளிலோ அது தள்ளாடியது. காட்சிகள் மங்கின, ஆட்டம் நடுவே அறுந்தது. தெருவில் நிற்போர் இரு கைகளையும் சிலுவைபோல விரித்தபடி அசையாது நின்றனர். குற்றம் நிகழ்ந்த கணத்திலேயே காவலர் ஆடுபவனின் முதுகுக்குப் பின்னால் வெறுவெளியிலிருந்து முளைத்தனர். கணினியிலும் ஒரு கொடிய வழு இருந்தது. சேமித்து வைத்த ஆட்டக் கோப்பு 8 மெகாபைட் அளவைக் கடந்தால் அது கெட்டுப்போயிற்று. நகரின் மூலை முடுக்கெல்லாம் தேடி, பொருள்களைக் குவித்து, நெடுநேரம் ஆடியவனுடைய கோப்பே அவ்வளவு பெருக்கும். மிகுதியாக நேசித்தவனே மிகுதியாக இழந்தான்.

இதற்கான காரணங்களுள் ஒன்று பொறியியலைச் சார்ந்தது. நெருக்கமாக மக்களும் மாடங்களும் நிறைந்த நகரை, ஆடுபவன் விரைந்து செல்லும்போது, வட்டிலிருந்து கணந்தோறும் எடுத்துத் திரையில் விரிக்க வேண்டும். பழைய பொறிகளின் வட்டுகள் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி 2021 சனவரி 13 ஆம் நாள் மன்னிப்புக் கோரியபோது இதனை விளக்கினார். அப்பணியின் கடினத்தைத் தாம் குறைவாக மதித்ததையும் ஒப்புக்கொண்டார்.

மற்றைய காரணம் மனிதரைச் சார்ந்தது. மூன்று முறை நாளைத் தள்ளியபின் மேலும் தள்ள மனமில்லாதிருந்ததாகவும், பழைய பொறிகளுக்கு இன்னும் காலம் வேண்டும் என்று காட்டிய அறிகுறிகளைப் புறக்கணித்ததாகவும் நிர்வாகமே பின்னர் கூறியது. விமர்சகர்களுக்கு வெளியீட்டின் முன் அளிக்கப்பட்டவை கணினிப் பிரதிகள் மாத்திரமே. தாங்கள் ஆடியபோது எடுத்த காட்சிகளை வெளியீட்டு நாளுக்கு முன் காட்டவும் அவர்களுக்கு இசைவு இருக்கவில்லை. ஆகவே பழைய பொறியை வைத்திருந்தவன், தான் வாங்கும் பொருளின் உண்மை நிலையை அறிய வழியின்றியே பணம் கொடுத்தான். நூலொன்றைக் கற்றோர் அவையில் அரங்கேற்றித் தடைகளுக்கு விடை கூறியபின் உலகுக்கு வழங்குவது தமிழ் மரபு. இங்கு அவை கூடியது. ஆனால் நூலின் நல்ல ஏடுகள் மாத்திரம் அவையின்முன் வைக்கப்பட்டன. பிழை நேர்தல் ஒன்று, பிழை காணும் கண்ணை மறைத்தல் வேறொன்று. முன்னதற்கு வழுவமைதி உண்டு, பின்னதற்கு இல்லை.

தொழிலாளர் நிலையையும் இங்கே நினைத்தல் வேண்டும். கட்டாய மிகைவேலையைத் தவிர்ப்பதாக 2019 இல் கூறிய நிறுவனம், 2020 செப்டெம்பரில் வாரத்துக்கு ஆறு நாள் வேலையை வேண்டிற்று. களைத்த கண்ணும் சோர்ந்த கையும் ஒரு வழுவைத் திருத்தும்போது வேறொன்றை விதைத்தல் கூடும். காத்திருந்தோரின் ஆரவாரமும் அக்களைப்புக்கு ஒரு சிறு காரணமே என்பதை மறுத்தல் அரிது.

விளைவு விரைந்து வந்தது. விரும்பியோருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக நிறுவனம் டிசெம்பர் 14 ஆம் நாள் அறிவித்தது. அவ்வாரம் முடியுமுன் சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே அவ்விளையாட்டை அகற்றிற்று. 2021 யூன் 21 வரை அது அங்கே மீளவில்லை. இத்தனைக்கும் நடுவில், 2020 டிசெம்பர் 20 ஆம் நாளளவில் ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தன. பணம் வந்தது, நம்பிக்கை போயிற்று.

இக்கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் அது வெறும் எச்சரிக்கையாகவே இருந்திருக்கும். நிறுவனத்தார் தம் ஆக்கத்தைக் கைவிடவில்லை. திருத்தத்தின்மேல் திருத்தமாக வெளியிட்டனர். 2022 பெப்ரவரியில் புதிய பொறிகளுக்கு ஏற்ற பெருந்திருத்தம் வந்தது. 2023 செப்டெம்பரில் விளையாட்டின் அடிப்படை அமைப்புகள் பலவற்றையே மாற்றிய இரண்டாம் பதிப்புத் திருத்தமும், 'ஃபாண்டம் லிபர்ட்டி' என்னும் புதிய கதைப் பகுதியும் வெளிவந்தன. இகழ்ந்தோர் பலர் மீண்டும் வந்து புகழ்ந்தனர். முதல் நாளில் இருந்திருக்க வேண்டிய விளையாட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது என்று கூறினாற் பிழையாகாது.

இதன் படிப்பினையை வேறொரு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் மேலும் தெளிவு பிறக்கும். பெதெஸ்டா நிறுவனத்தின் 'ஸ்டார்ஃபீல்ட்' ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்களில் உலவ இடந்தரும் விண்வெளி விளையாட்டு. அந்நிறுவனத்தின் முந்தைய ஆக்கங்கள் வழுக்களுக்குப் பெயர்போனவை. ஆகவே இதன் வெளியீட்டை எதிர்நோக்கியோர் அச்சத்தோடேயே எதிர்நோக்கினர். 2022 நவெம்பர் 11 என்று குறித்த நாளை நிறுவனம் ஏறத்தாழ பத்து மாதம் தள்ளி, 2023 செப்டெம்பர் 6 ஆம் நாள் வெளியிட்டது. வழுக்கள் முன்னையவற்றிலும் குறைவாகவே இருந்தன. பொறுத்திருந்து சோதித்ததன் பயன் அது. ஆயினும் கோள்கள் பல வெறுமையாக இருக்கின்றன, பயணத்தில் உயிரோட்டம் இல்லை என்று பலர் குறை கூறினர். வழுவின்மை ஒரு நூலைப் படிக்கத் தக்கதாக்கும். அதனைக் காவியமாக்குவது வேறு. காலத்தை நீட்டுதல் முன்னதற்கு உதவும். பின்னதற்கு அது மாத்திரம் போதாது.

சைபர்பங்க் விளையாட்டுக்குத் தொடர்ச்சி ஒன்றை ஆக்கவிருப்பதாகச் சீ.டி. புரொஜெக்ட் நிறுவனம் 2022 ஒக்டோபரில் அறிவித்தது. அறிவித்த நாளிலிருந்தே காத்திருப்போர் கூட்டமும் தோன்றிவிட்டது. அவர்களுள் பலர், எட்டாண்டு காத்திருந்து முதல் நாளிலேயே ஏமாந்த அதே இளைஞர். இளைஞன் ஒருவன் புதிய உலகமொன்றைக் காண ஆவலுறுதல் குற்றமன்று. அவ்வாவல் இன்றேல் எந்தக் கலையும் தழைப்பதில்லை. எனினும் ஆவலுக்கும் பணப்பைக்கும் இடையே சில நாள் இடைவெளி இருத்தல் நன்று. ஆக்கம் வெளிவந்து, தன்னிடம் உள்ள பொறியைப் போன்ற பொறியில் அது எவ்வாறு ஓடுகிறது என்று பிறர் காட்டிய பின் வாங்குபவனுக்கு இழப்பு யாதுமில்லை. விளையாட்டு ஒரு வாரத்தில் அழிந்துபோகும் பண்டமும் அன்று.

ஆக்குநருக்கும் இது பொருந்தும். பதறாத காரியம் சிதறாது. திகதியை முதலிற் கூறிவிட்டு ஆக்கத்தை அதற்குள் அடைக்க முயல்வோர் அப்பழமொழியை எண்ணிப் பார்க்கக் கடவர். 2013 இல், ஆயத்தமானதும் வரும் என்று அந்நிறுவனமே கூறிய சொல் ஒன்று உண்டு. ஏழாண்டு கழித்தும் அச்சொல்லை அது காத்திருந்தால், எண்பது இலட்சம் பேரின் நம்பிக்கையும் காக்கப்பட்டிருக்கும்.