வீட்டுக் கணக்கில் விடுபட்டது

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘சிக்கனமும் தற்சார்பும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்கள் பின் வரிசையில் சிரிப்பது தெரிகிறது. மாதக் கடைசியில் குளிக்கிற சோப்பைக்கூடக் கடன் வாங்கியவன் சிக்கனத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நினைக்கிறார்கள். நினைப்பது நியாயம்தான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

படிப்பு முடிந்து பத்து வருஷம் சென்னையில் வேலை. கைநிறையச் சம்பளம். அதை நம்பிக் கார் கடன், பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு எல்லாம் இருந்தன. 2020 ஜூன் மாதம் கொரோனா ஊரடங்கில் எங்கள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. மாதம் பிறந்தால் கார் கடனுக்கு 11,400 ரூபாய், மற்றதுக்கு 7,800 ரூபாய். கையில் மூன்று மாதத்துக்குக்கூடப் பணம் இல்லை. குன்னம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கு, அம்மா வீட்டுக்கே, குடும்பத்தோடு வந்து சேர்ந்தோம்.

நாலு வருஷம் இங்கே கற்ற இன்ஜினியரிங் புத்தி சும்மா இருக்குமா? லேப்டாப்பைத் திறந்து வரவு செலவைப் போட ஆரம்பித்தேன். அம்மா பார்த்துவிட்டு, “அதுக்கு எதுக்குடா தம்பி பொட்டி?” என்று கேட்டு, ஆணியில் மாட்டியிருந்த தினசரித் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பால், மளிகை, கூலி, மாட்டுத் தீவனம், மொய் என்று எல்லாம் எழுதியிருந்தது. பல வருஷக் கணக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். பி.இ. படித்த நான் பத்து வருஷத்தில் ஒரு மாதம்கூடக் கணக்கு எழுதியது கிடையாது.

எழுதிப் பார்த்ததும் முதல் உண்மை தெரிந்தது. கொல்லையில் கத்தரி, வெண்டை, கீரை போட்டதில் எங்களுக்கு மிச்சமானது மாதம் அறுநூறு ரூபாய். காரை விற்றுக் கடனை அடைத்ததில் மிச்சமானது மாதம் 11,400. தற்சார்பு என்றதும் நாமெல்லாம் விதை பாக்கெட் வாங்க ஓடுகிறோம். முதலில் அடைக்க வேண்டியது வட்டி போகிற ஓட்டையை. கத்தரிச் செடி எங்கேயும் போய்விடாது.

இரண்டாவது, வரிசை. முதலில் அளக்கணும், அப்புறம் குறைக்கணும், கடைசியில்தான் உற்பத்தி. உதாரணத்துக்குக் கரண்ட். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். நாலு ஃபேன், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் தினம் 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் குறைகிறது. குண்டு பல்பை மாற்றி, மோட்டார் ஃபுட் வால்வு ஒழுகலைச் சரிசெய்ததில் மொத்தம் 230 யூனிட்டுக்கு வந்துவிட்டோம். நாளைக்குச் சராசரியாக நாலு யூனிட்டுக்கும் கீழே.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரை சூரிய மின் திட்டத்தை அறிவித்தது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மானியம் கூட வருதே என்று பலர் பெரியதாகப் போட்டார்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சராசரி நாலு யூனிட் கொடுக்கும். குறைத்த பிறகு எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. குறைக்காமல் போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோவாட் தேவைப்பட்டிருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கொள்ளிடக் கரையை விட்டால் பெரும்பாலும் மானாவாரி பூமி. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது நான் பள்ளிக்கூடப் பையன். எங்கள் வீட்டிலும் பைப் வைத்தார்கள். பைப் உடைந்தது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடி 74 சதுர மீட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 47,000 லிட்டர். நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 40 லிட்டர் போதும். பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று நிரம்பினால் 250 நாளுக்கு வரும். தொட்டி கட்டினோம். கேன் தண்ணீர் வாங்குவது நின்றது.

சின்ன வெங்காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நம் ஜில்லாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கிலோ இருபதுக்கும் விற்கும், நூறைத் தாண்டியும் விற்கும். அறுவடை சமயத்தில் செட்டிகுளம் மாமா வீட்டிலிருந்து இரண்டு மூட்டை வாங்கி, நன்றாகக் காயவைத்து, அடியிலும் பக்கத்திலும் காற்றுப் போகிற மாதிரி சின்னதாகப் பட்டறை போட்டு வைப்பது அம்மாவின் பழக்கம். அழுகினதை வாரம் ஒரு முறை பொறுக்கி எடுத்துவிடுவார்கள். விலை ஏறுகிற மாதங்களில் நாங்கள் சந்தைப் பக்கமே போவதில்லை. காற்றோட்டத்தைப் பற்றி நான் இந்தக் கல்லூரியில் ஒரு முழு பேப்பர் எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன். அதை வீட்டில் பார்த்தது அப்போதுதான்.

இவ்வளவு நேரம் பெருமை பேசினேன். இனி என் தப்பைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2021-இல் அரியலூர் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. அடுத்த வருஷம் கொல்லையில் சாண எரிவாயுக் கலன் கட்டினேன். பூமிக்குள் செங்கல் குவிமாடமாகக் கட்டுகிற தீனபந்து மாதிரி, இரண்டு கன மீட்டர். அதற்குத் தினமும் ஏறக்குறைய 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கரைத்து ஊற்ற வேண்டும். நாலு மாடு இருந்தது. நாற்பத்தைந்து நாளைக்கு வந்த சிலிண்டர் நூறு நாளைக்கு வந்தது. ஆலையில் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நாலைந்து பேர் வந்து போட்டோகூட எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் ராத்திரி என் மனைவி கணக்கு நோட்டைக் கேட்டாள். புரட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, இதுல சாணி கரைக்கிறது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றாள். எனக்குப் புரியவில்லை. “தொட்டியைக் கழுவுறது, தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துறது, வெங்காயம் பொறுக்குறது எல்லாம் எங்க எழுதியிருக்கீங்க? உங்க சிக்கனம் என் முதுகுல ஏறி உக்காந்திருக்கு. அத்தைக்கு முட்டி வலி. உங்களுக்கு அது கண்ணுல படல” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அவள் எம்.ஏ., பி.எட். படித்தவள். வேலைக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் ‘கொஞ்சம் நிலைக்கு வரட்டும்’ என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் நோட்டில் இன்னொரு கோடு போட்டு, யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்று எழுதினோம். தற்சார்புக்காகக் கூடிய வேலை மட்டும் அவளுக்கு நாளைக்கு இரண்டரை மணி நேரம். அம்மாவுக்கு ஒன்றேகால் மணி. எனக்குப் பத்து நிமிஷம். மிச்சம், மிச்சம் என்று நான் எழுதி வைத்ததில் பெரும்பகுதி இரண்டு பெண்களின் கூலி கொடுக்காத உழைப்பு.

அதற்குப் பிறகுதான் ஜே.சி. குமரப்பாவைத் தேடிப் படித்தேன். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழர். லண்டனில் கணக்குத் தணிக்கை கற்று, அந்தத் தொழிலை விட்டுக் காந்தியிடம் போனவர். 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்து, 1960-இல், காந்தி மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி மறைந்தார். ஒரு பொருளின் விலையோடு நிற்காமல், அது யாருடைய உழைப்பில், எப்படி உண்டானது என்பதையும் வாங்குகிறவன் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கடைச் சாமானுக்கு அவர் கேட்ட கேள்வியை, என் வீட்டு அடுப்புக்கு என் மனைவி கேட்டுவிட்டாள்.

பிறகு என்ன செய்தோம்? இரண்டு மாட்டை விற்றோம். கேஸ் பாதியாகிவிட்டது, சிலிண்டர் இப்போது எழுபது நாளைக்கு வருகிறது. போதும். காலை ஐந்தரைக்குச் சாணம் கரைப்பது என் வேலை. கழுவு தொட்டித் தண்ணீரைக் கரைக்கிற தொட்டிக்குப் பைப் போட்டுத் திருப்பிவிட்டேன், குடம் தூக்க வேண்டாம். தோட்டத்தைப் பாதியாகக் குறைத்துச் சொட்டு நீர் போட்டேன். மனைவி 2023-இலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் சம்பளம் வந்த முதல் மாதம், என் அறுநூறு ரூபாய்க் கத்தரிக்காயைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

தம்பி தங்கைகளே, முதல் சம்பளம் வாங்கிய அன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். வரவு, செலவு என்று இரண்டு கோடு எல்லோரும் போடுவார்கள். மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, ‘யார் செய்தது’ என்று தலைப்பு எழுதுங்கள். அந்த இடத்தில் எப்போதும் ஒரே பெயர் வருகிறதென்றால், மிச்சம் பிடித்ததாக நீங்கள் எழுதிய தொகையை அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.

நாளைக் காலை சாணம் கரைக்க வேண்டும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.