கேட்காமல் எழுதிய ஒப்பந்தம்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினர் நாடுகளுக்கிடையே உறவுப் பாலமாக விளங்குகிறார்கள் என்று மேடைகளிற் சொல்லக் கேட்கிறோம். அதன் மறுபக்கத்தை நாங்கள் வகுப்பறையிலேயே கண்டோம்.

1977 வன்செயலின் பின் மலையகக் குடும்பங்கள் பல வன்னியிலும் மட்டக்களப்பு மாவட்டத்திலும் வந்து குடியேறின. அப்படி வந்த ஒருத்தி எங்களோடு கல்குடாவிற் படித்தாள். கணிதத்தில் எங்கள் எல்லோரையும் முந்தியவள். ஆசிரியப் பயிற்சிக்கு நாங்கள் விண்ணப்பித்தபோது அவள் விண்ணப்பிக்கவில்லை. "எங்களுக்குப் பிரசாவுரிமை இல்லையே" என்றாள். "நீ இந்த நாட்டிற் பிறந்தவள்தானே?" என்று கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை.

சரித்திரம் பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. கோப்பிக்கும் தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் சந்ததியிற் பெரும்பாலானோரை 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கையொப்பமிடுமுன் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் எவரும் கேட்கவில்லை. வாக்கில்லாதவரை யார் கேட்பார்? எங்கள் தோழியின் அக்கா தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரிக்குப் போனாள். இவள் இங்கே நின்றாள்.

1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களே மிஞ்சியிருந்த நாடற்றோருக்கு உரிமை தந்தன. அதற்குள் எங்கள் தோழிக்குப் பயிற்சிக்குரிய வயது கடந்துவிட்டது. அந்த 2003 ஜனவரியிற்றான் இந்தியா, வெளிநாட்டு இந்தியருக்கு முதலாவது 'பிரவாசி பாரதிய திவஸ்' விழாவை எடுத்தது.

சகோதரிகளே, இன்று சுவிஸிலும் லண்டனிலும் கனடாவிலும் உங்களுக்கு வாக்கு உண்டு, குரலும் உண்டு. 2004 கடல்கோள் கல்குடாவை அள்ளிச் சென்றபோது நீங்கள் அனுப்பிய உதவியை நாங்கள் மறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம். அந்நாட்டு அரசுகளிடம் எங்களுக்காகப் பேசுமுன், இங்கே கருவாடு காயவைக்கிறவளையும், வயலுக்குப் போகிறவளையும், பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாயையும் கேளுங்கள். எங்கள் தோழியிடம் எவரும் கேட்காத கேள்வியை எங்களிடமாவது கேளுங்கள்.